அவர் பெயர் ஜெகதீசன்

செய்தி எங்கள் பத்தாம் வகுப்பு நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. உத்தமபாளையத்தில் ஃபிளெக்ஸ் அச்சடிக்கும் காதர் எழுதியிருந்தார்: “நம்ம ஜெகதீசன் காலையில தவறிட்டான். நெஞ்சு வலி. கம்பம் ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சு போச்சு. சாயங்காலம் எடுக்குறோம்.”

திருப்பூரிலிருந்து ஒருவர், “எந்த ஜெகதீசன்?” என்று கேட்டார். சென்னையிலிருந்து இன்னொருவர், “நம்ம செட்டுல அப்படி ஒருத்தனா?” என்றார். நான் அடுப்படியில் நின்றபடியே ஒரே ஒரு சொல்லைத் தட்டி அனுப்பினேன். பள்ளியில் அவருக்கு வைத்த பட்டப்பெயர். உடனே எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிட்டது. “அய்யோ, அவனா?”, “அவனை மறக்க முடியுமா?” என்று வரிசையாக வந்தன.

அந்தச் சொல்லை இந்த அஞ்சலி மலரில் எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் தெரியாமலே இருக்கட்டும். உயிரோடு இருந்தபோது ஜெகதீசன் எங்களிடம் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். உயரமானவர், நெஞ்சு ஒடுங்கியவர், எப்போதும் அரைக்கைச் சட்டை. ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாவது வரை நானும் அவரும் ஒரே வகுப்பு. நான் மதுரைக்குப் படிக்கப் போய், திரும்பி வந்து இங்கேயே கல்லூரியில் பொருளாதாரம் கற்பிக்கிறேன். பாடக்குறிப்புகளை நகலெடுக்கப் போகும்போதெல்லாம் பத்து நிமிடமாவது அவரிடம் பேசாமல் வந்ததில்லை.

நான்காம் வகுப்பில் எங்களுக்குப் புதிதாக ஓர் ஆசிரியர் வந்தார். அவரும் இப்போது இல்லை. முதல் நாள் ஒவ்வொருவராக எழுப்பிப் பெயர் கேட்டுக்கொண்டே வந்தவர், ஜெகதீசனிடம், “ஏலே, ஒன் பேரென்ன?” என்றார். ஜெகதீசன் எழுந்து, “ஏலே, ஒன் பேரென்ன?” என்றார். அதே குரல், அதே இழுப்பு. வகுப்பு அதிர்ந்து சிரித்தது. ஆசிரியர் அடித்துவிட்டு மறுபடி கேட்டார். மறுபடியும் அதே பதில் வந்தது.

அது திமிர் அல்ல. ஒரு கேள்வியைத் தன் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்த்தால்தான் அது அவருக்கு உள்ளே இறங்கும். இறங்கிய பிறகு பதில் தானாக வரும். அந்த இடைவெளியை வீட்டில் கொடுத்தார்கள். பள்ளியில் கொடுக்கவில்லை.

ஒரு வாரத்தில் ஆசிரியரின் கோபம் வேடிக்கையாக மாறியது. பேசியதைப் பதிந்து திரும்பச் சொல்லும் கருவி ஒன்று அப்போது ஊரில் வசதியான வீடுகளில் இருந்தது. அதன் பெயரையே ஜெகதீசனுக்கு வைத்தார். ஓய்வு நேரத்தில் ஜெகதீசனை மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தி, வலது காதைத் திருகுவார். திருகினால் காலையில் தலைமையாசிரியர் பேசியதைச் சொல்ல வேண்டும். இடது காதைத் திருகினால் நிறுத்த வேண்டும். பக்கத்து வகுப்பு ஆசிரியர்களும் வந்து நின்று பார்ப்பார்கள். ஜெகதீசன் அழுததில்லை. அதனால் அவருக்கும் அது பிடித்திருக்கிறது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம். எட்டாம் வகுப்புக்கு வந்தபோது பள்ளியில் அவர் பேசுவதே நின்றுபோயிருந்தது. “அடக்கமான பையன்” என்று மெச்சினார்கள்.

பத்தாவதோடு படிப்பை விட்டார். பல வேலைகள் பார்த்து, கடைசியில் கடை வைத்தார். கடை வைத்த புதிதில் நான் போயிருந்தபோது மிஷினைத் தட்டிக் காட்டி, “இதுவும் கொடுத்ததையே திருப்பிக் கொடுக்குது. இதைப் பாத்து யாரும் சிரிக்கலையே,” என்றார். நான் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவரிடம் பேசுவது எளிதல்ல. “டீ சொல்லவா?” என்றால் கொஞ்ச நேரம் யோசித்து, “சூடா எதாச்சும்னா நல்லது,” என்பார். “கரண்ட் எப்ப வரும்?” என்றால், “பன்னெண்டுக்கு மேல மிஷின் ஓடும்,” என்பார். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லமாட்டார், தலைக்கனம் என்று வாடிக்கையாளர்கள் சொல்வதுண்டு. நானே ஒருமுறை, “வக்கீலுகளோட பழகிப் பழகி இப்படி ஆயிட்டீக,” என்று கேலி செய்திருக்கிறேன். வெகுகாலம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. கேள்வியில் வந்த ஒரு சொல்கூடத் தன் பதிலில் வந்துவிடாமல் அவர் பொறுக்கிப் பொறுக்கிப் பேசிக்கொண்டிருந்தார். நான்காம் வகுப்புக்குப் பிறகு வெளியே வாய் திறந்தபோதெல்லாம் அப்படித்தான் பேசியிருக்கிறார்.

செல்போனைக் காதில் வைக்கமாட்டார். மேசையில் வைத்து ஸ்பீக்கரில் பேசுவார். சந்து முழுவதும் கேட்கும். “ஜெகதீசன் போன் பேசினா கேசுக்குத் தனியா சாட்சி வேண்டாம்,” என்று வக்கீல்கள் சிரிப்பார்கள். சலூனுக்குப் போகமாட்டார். முடியை வீட்டில் அவர் மனைவி செல்வி வெட்டிவிடுவார். காதோரம் மட்டும் எப்போதும் மேடும் பள்ளமுமாக இருக்கும். அங்கே கத்தரி நெருங்கினால் அவருக்கு உடம்பு நடுங்கிவிடும் என்று செல்வி ஒருநாள் என்னிடம் சொன்னார்.

ஒரு மனிதரின் வாழ்க்கையை ஒரே காரணத்தில் அடைப்பதை நான் நம்புகிறவள் அல்ல. எல்லாவற்றுக்கும் அந்த வகுப்பறைதான் காரணம் என்று எழுதிவிட்டால் எனக்கும் நிம்மதியாக இருக்கும்; பழியைச் செத்துப்போன ஒருவர் தலையில் வைத்துவிடலாம். ஆனால் அந்த ஆசிரியர் எங்களுக்குப் பாடம் எடுத்தது ஓராண்டு. அந்தப் பெயரைச் சொல்லி ஜெகதீசனை வாழ்நாள் முழுவதும் கூப்பிட்டது நாங்கள்.

ஜெகதீசன் தாமதமாகத்தான் திருமணம் செய்துகொண்டார். மகள் மதிக்கு இப்போது எட்டு வயது. மதியும் கேட்டதைத் திருப்பிச் சொல்பவள். அவளுடைய பள்ளியில் சொன்னதன்பேரில் மதுரைக்கு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். மகளைப் பார்த்த டாக்டர், பிறகு அப்பாவையும் உட்காரவைத்து நிறையக் கேட்டாராம். திரும்பி வந்ததும் ஜெகதீசன் என்னிடம், “பாப்பாவுக்கு ஆட்டிசமாம். எனக்கும் அதுதான்னு சொல்றாக,” என்றார்.

இப்படிப்பட்ட விஷயங்களில் எனக்குச் சந்தேகம் அதிகம். “பாப்பாவுக்குச் சரி. இந்த வயசுல ஒங்களுக்கு எதுக்கு இப்படி ஒரு பேரு?” என்றேன்.

மிஷின் மூடியைத் திறந்து துடைத்து, மூடினார். பிறகு சொன்னார்: “முந்தி வச்சது ஒண்ணு கெடக்குல்ல? அதைத் தூக்கிப் போட்டுட்டு இதை வச்சுக்கிறேன்.”

அன்றுதான் முதல்முறையாக, அவராகவே ஒன்று கேட்டார். “பாப்பா காதுல மட்டும் அது விழுந்துறக் கூடாது. ஒரே ஊரு. நம்ம கூடப் படிச்சவுக பிள்ளைகதான் அங்கன படிக்குது.” அதற்காகவே மகளின் பள்ளி வாசலுக்கு அவர் போனதில்லை. ஆண்டுவிழாவில் மதி ஆடியபோதுகூட எதிர்ச்சாரியில் ஒரு பேக்கரி ஓரமாக நின்று, பாட்டை மட்டும் கேட்டுவிட்டு வந்தார். உள்ளே போனால் பழைய நண்பர் யாராவது தோளில் கைபோட்டு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார் என்ற பயம். அதுவும் பாசமாக.

ஒரு நாள் மழைக்கு ஒதுங்கி அவர் வீட்டுக்குப் போனேன். உள்ளே இருந்து மதியின் குரல் கேட்டது: “அப்பா, மழை நிக்குமா?” ஜெகதீசனின் குரல்: “அப்பா, மழை நிக்குமா?” “மழை நிக்குமா?” “மழை நிக்குமா?” இருவரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஜெகதீசன் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை நான் அதற்குமுன் கேட்டதில்லை. வாசலில் என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார். “வாங்க,” என்று எழுந்து நின்றார், வகுப்பில் எழுந்து நிற்பதைப் போல.

இவ்வளவும் தெரிந்த நான்தான் அவர் இறந்த அன்று காலை அந்தச் சொல்லைத் தட்டி அனுப்பினேன்.

மதியத்துக்குள் காதர் ஃபிளெக்ஸ் அடித்துத் தெருமுனையில் கட்டிவிட்டார். ஜெகதீசன் படம், பெயர், அதற்குக் கீழே மேற்கோள் குறிக்குள் பட்டப்பெயர். பேரை மட்டும் போட்டால் நம் செட்டுக்கு ஆள் தெரியாது என்று குழுவில் பார்த்தோமே, அதற்காக. காதரின் கண்கள் அழுது வீங்கியிருந்தன.

நான் போய்ச் சேர்ந்தபோது மதி அந்த ஃபிளெக்ஸுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். எழுத்து எதைக் கண்டாலும் அவளுக்கு வாய்விட்டுப் படிக்க வேண்டும். மேலிருந்து கீழே படித்து, கடைசிச் சொல்லுக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். புதிய சொல், சொல்வதற்கு நன்றாக இருந்திருக்கும். எங்களுடன் படித்த ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். “அப்பனை உரிச்சு வச்சிருக்கு பாரேன்.”

வீட்டுக்குள் இருந்த செல்வியின் காதிலும் அது விழுந்துவிட்டது; எழுந்து வாசலுக்கு வந்தார். “அந்தப் பேரு எங்க வாசப்படி ஏறினதில்ல. யாரு போடச் சொன்னாக?” என்று கேட்டார்.

“நான்தான் எடுத்துக் கொடுத்தேன்,” என்றேன்.

காதருக்கு ஒன்றும் புரியவில்லை. “அவன் ஒரு நாளும் வேணாம்னு சொன்னதில்லையே, கலா. அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா வந்துருவானே.”

“வருவாக,” என்றார் செல்வி. “வந்துட்டு, அன்னைக்கு ராத்திரி சாப்பிட மாட்டாக.”

காதர் நேராகப் போய்க் கயிற்றை அறுத்து, ஃபிளெக்ஸைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். உடலை எடுப்பதற்கு முன் வேறொன்றைக் கொண்டுவந்து கட்டினார். படம். ஜெகதீசன். வேறு எதுவும் இல்லை.

அடுத்த வாரம் மதி மறுபடி பள்ளிக்குப் போகிறாள். அந்தச் சொல் இன்னும் அவள் வாயிலிருந்து முழுதாகப் போகவில்லை. நாளாகும் என்கிறார் செல்வி. போகாமலும் இருக்கலாம். பள்ளியில் அவள் அதைச் சொன்னால், அது என்னவென்று நம் பிள்ளைகள் வீட்டில் வந்து கேட்பார்கள். இந்த அஞ்சலி மலரைப் படிக்கும் என் வகுப்பு நண்பர்களிடம் கேட்பது ஒன்றுதான்: பழைய கதையாக, சிரித்துக்கொண்டே, அவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். அவள் வகுப்பில் யாருக்கும் அது தெரியக் கூடாது.

எடுத்த அன்று மாலை ஆண்கள் எல்லோரும் சுடுகாட்டுக்குக் கிளம்பிய பிறகும் மதி தெருமுனையில்தான் நின்றாள். சொல் மாறியிருந்தது அவளைக் குழப்பியிருக்க வேண்டும். கடைசியாகக் கிளம்பிய காதர் அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, அவள் உயரத்துக்குக் குத்தவைத்து உட்கார்ந்தார்.

“ஜெகதீசன்,” என்று படித்தாள் மதி.

“ஜெகதீசன்,” என்றார் காதர்.

“ஜெகதீசன்.”

“ஜெகதீசன்.”

அவள் போதும் என்கிறவரை அவர் சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற எங்களில் யாரும் சிரிக்கவில்லை.

போய் வாருங்கள், ஜெகதீசன்.