எஸ்தரின் தொண்டை

எஸ்தரின் தொண்டையைக் கெடுத்தவள் நான். அவள் உயிரைக் காத்தவள் என்று ஊர் என்னைப் புகழ்கிறது... ஊருக்கு என்ன தெரியும்!

எஸ்தர் என் கணவரின் தங்கை. கோலா தெர்லா மலையூரில் பூப்பண்ணை வேலை. நான் தேயிலை ஆலையில் துப்புரவுக்காரி. சாக்கடை அடைப்பை நீக்கும் காரத் திரவத்தை அங்கிருந்து தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவருவேன். எங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்தில் அதை யாரும் திருட்டென்று சொல்வதில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், வீடு கழுவ உதவிக்கு வந்த எஸ்தர் தாகத்தில் அந்தப் போத்தலை எடுத்து ஒரு மடக்கு விழுங்கிவிட்டாள். அடுத்த நொடி அலறல். உதடு வெளுத்து வீங்கியது. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழியவிட்டாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? உப்பைக் கரைத்து அவள் வாயில் ஊற்றினேன். விரலை விட்டுக் குமட்ட வைத்தேன்! காய்கறித் தோட்டத்துப் பூச்சிமருந்தைக் குடித்தவர்களுக்கு லயத்தில் அப்படித்தான் செய்வார்கள். எனக்கு வேறென்ன தெரியும்? இறங்கும்போது சுட்டது, ஏறும்போதும் சுட்டது.

அறியாமை என்று நீங்கள் மன்னித்துவிடலாம். பொறுங்கள்... அவசரப்படாதீர்கள்.

அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிய மருத்துவமனையில் தாதி கேட்டாள்.

"என்னா குடிச்சாங்க? போத்தல கொண்டாந்தீங்களா? வாந்தி எடுக்க வச்சீங்களா அக்கா? அப்படி செய்யவே கூடாது லா! வாயக் கொப்புளிக்க வச்சி நேரா இங்க கொண்டாரணும்."

போத்தலைக் கிளம்புமுன்பே கழுவி எறிந்திருந்தேன். ஆம், அவள் துடித்துக்கொண்டிருக்கும்போதே! ஆலை மேனேஜர் காதுக்குப் போனால் என் வேலை என்னாவது?

"சவுக்காரத் தண்ணிம்மா... அவளே வாந்தி எடுத்துட்டா," என்றேன்.

"உதடு வெந்திருக்கே அக்கா, நல்லா யோசிச்சிச் சொல்லுங்க."

மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் சவுக்காரம் என்றே சாதித்தேன். எஸ்தர் வாய்பேச முடியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்ன குடித்தாள் என்பது அவளுக்கே தெரியாது. தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

வேலை போகவில்லை. இன்றும் அதே ஆலையில்தான் கூட்டுகிறேன். அவளுக்குத்தான் சோறு போய்விட்டது. சுருங்கிய தொண்டையைச் சில மாதங்களுக்கு ஒருமுறை குழாய் விட்டு விரிக்கிறார்கள். என்ன பிறவி நான்?

நேற்றும் கஞ்சியை வடிகட்டிக் கொடுத்தேன். ஒரு பருக்கை சிக்கி இருமினாள். முதுகைத் தடவினேன்.

"பாவம் அண்ணி நீங்க... என்னால உங்களுக்கு எவ்ளோ கஷ்டம்!"

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்...

"குடிம்மா, ஆறிடும்," என்றேன்.