அப்பா குரல் மேல ஏறுன கிட்டார்

பவர் பாப்ங்கற இங்கிலீஷ் பாட்டு வகை எப்படி வந்துச்சுன்னு ஹாஸ்டல்ல யாராவது ஆரம்பிச்சா நான் இப்பவும் எந்திரிச்சு வெளிய போயிடுவேன். பாட்டு மேல கோவமில்ல. எங்க வீட்டுக்குள்ள அது வந்த விதம் அப்படி.

கத்தார்ல தோஹா, அதுல நஜ்மா ஏரியா. எழுபதுகளோட கடைசி, எனக்கு ஒம்பது வயசு. அம்மாவோட தம்பி, அதாவது என் மாமா, எங்க ஹால்லதான் படுத்துக்குவாரு. பிளான்ட்ல ஷிஃப்ட் டூட்டி. டூட்டி இல்லாதப்ப எனக்கு லெக்சர். வெளிநாட்டுல நீள முடிக்காரனுங்க ஒரே பாட்டை இருபது நிமிஷம் கிட்டார்ல இழுத்தானுங்களாம். கடுப்பான சில பசங்க, அறுபதுகள்ல வந்த குட்டிப் பாட்டு மாதிரியே திரும்பவும் போட ஆரம்பிச்சாங்களாம், சத்தத்த மட்டும் நல்லா ஏத்தி.

"குரல் சர்க்கரை, கிட்டார் மிளகா. நடுவுல கைதட்டு. மூணு நிமிஷத்துல கலாஸ். இதான்டா வாண்டு, பவர் பாப்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரேடியோல இங்கிலீஷ் பாட்டு வரும். அன்னிக்கு மாமாவுக்கு டூட்டி. "நான் சொன்ன மாதிரி பாட்டு வந்தா ரெக்கார்ட் பட்டனை அமுக்கு, கேசட் டேப் செட்லயே இருக்கு"ன்னுட்டுப் போனாரு. பாட்டு வந்துச்சு. அமுக்குனேன். கூடவே கைதட்டி ஆடுனேன்.

ரீவைண்ட் பண்ணிக் கேட்டா, அப்பா குரல். "அப்பா, தங்கச்சிக்கு வந்த வரன் விஷயம்..." அப்புறம் டமால்னு கிட்டார், அதோட அப்பா பேச்சு காலி.

செத்தேன். அது ஊருக்குப் போற கேசட். லெட்டர் எழுதுற பொறுமை எங்காளுங்களுக்கு ஏது? கேசட்ல பேசி, லீவ்ல போறவங்க கையில குடுத்துவிடுவாங்க. முந்தின நாள் பேசுன அப்பா, ரீவைண்ட் பண்ணி கொஞ்சம் கேட்டுப் பார்த்துட்டு அதைச் செட்லயே விட்டுட்டாரு. அவரு எடுத்து வச்ச மாமாவோட காலி கேசட் டிவி மேல கெடந்துச்சு.

யோசிக்கக்கூட டைம் இல்ல. பக்கத்து ஃபிளாட் நர்ஸ் அக்கா சூட்கேஸோட வாசல்ல நிக்கிறாங்க, கீழ டாக்சி ஹாரன். அம்மா கேசட்டை எடுத்து, கவர்ல ஒட்டி, குடுத்தே விட்டுட்டாங்க. நான் சொல்ல வர்றதுக்குள்ள டாக்சி கெளம்பிடுச்சு.

அப்புறம் ஒரு மாசம் எனக்குச் சோறு எறங்கல. கஸ்டம்ஸ்ல கேசட்டைப் போட்டுக் கேட்டு நர்ஸ் அக்காவைப் புடிச்சுக்குவாங்க, அப்பாவுக்கு விசா குடுத்த அரபி முதலாளி, கஃபீல், அதை கேன்சல் பண்ணிடுவாருன்னு என்னென்னமோ நெனப்பு. காலிங் பெல் அடிச்சா பாத்ரூமுக்கு ஓடுவேன். "புள்ளைக்குப் பூச்சி மருந்து குடுக்கணும்"னாங்க அம்மா. குடுத்தாங்க.

நர்ஸ் அக்கா பதில் கேசட்டோட திரும்பி வந்தாங்க. எல்லாரும் செட்டைச் சுத்தி உக்காந்தோம். தாத்தா குரல்: "வரனைப் பத்திக் கேட்டா நீ பாட்டப் போட்டு அனுப்பிருக்க. உனக்கு இஷ்டமில்லன்னு புரிஞ்சுக்கிட்டோம். வேண்டாம்னு சொல்லிவிட்டாச்சு."

அப்பா மொகம் கறுத்துப்போச்சு. "நான் முடிச்சிடுங்கன்னுல்லடா சொன்னேன்"னு மாமாவைப் பார்த்தாரு. மாமா என்னைப் பார்த்தாரு. நான் அம்மா முதுகுக்குப் பின்னாடி போய் ஒட்டிக்கிட்டேன்.

"நான்தான் அத்தான் தெரியாம அமுக்கிட்டேன்"னாரு மாமா.

அப்பா வாயைத் தொறக்கறதுக்குள்ள கேசட்ல அந்தத் தங்கச்சி, அதான் என் அத்தையோட குரல், யாருக்கும் கேக்கக் கூடாதுங்கற மாதிரி மெதுவா. "அண்ணே, நல்ல காரியம் பண்ணுன. அந்தப் பாட்டை நாலு தடவ கேட்டேன். அடுத்த கேசட்லயும் ஒண்ணு போட்டு அனுப்புண்ணே."

அம்மா முந்தானையால வாயைப் பொத்தி சிரிப்பை அடக்கிக்கிட்டு சட்டுன்னு கிச்சனுக்குள்ள போயிட்டாங்க. அத்தைக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை வராது. அதுல அப்படி என்னதான் புடிச்சுதோன்னு, பயம் விட்டுப்போன அந்த நிமிஷம் நான் முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.