குண்டு போடாத முப்பத்தொரு வெடி

இன்று காலை மருமகள் உடைத்த நான்காவது முட்டை கூமுட்டையாகப் போய்விட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு அடுப்படியிலிருந்து ஓடிவந்தவள், நான் அங்கேயே நின்று மூச்சை இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, "என்ன மாமா, சாம்பிராணிப் புகை மாதிரில்ல முகர்றீங்க" என்றாள். அவளிடம் என்னவென்று சொல்வது? உங்களிடம் சொல்கிறேன். கருமருந்து போட்டுச் சுட்ட துப்பாக்கியை வெந்நீர் ஊற்றிக் கழுவினால் இதே நாற்றம்தான் வரும். என் இருபத்திரண்டாவது வயது முழுக்க இந்த நாற்றம் அடித்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் ஒரு வருஷம். ரங்கூனின் அலோன் பகுதியில், ஆற்றங்கரையில் இருந்த ஒரு தேக்குமரக் கிடங்கில் நான் கிளார்க். தெப்பமாக வரும் கட்டைகளை எண்ணி முத்திரை பார்ப்பது வேலை. கூடவே வேலை பார்த்தவன் கோ டின் மவுங். பர்மாக்காரன்தான், ஆனால் தமிழ் கூலிகளோடு பழகிப் பழகி என்னைவிட நன்றாகத் தமிழில் திட்டுவான். இரண்டு பேருக்கும், சேற்று வயலில் மேயும் உள்ளான் குருவி வேட்டையில் பைத்தியம். சனிக்கிழமை அரைநாள் லீவு விட்டதும் ரயிலேறி, இன்சீனைத் தாண்டி வயல்வெளியில் இறங்கிவிடுவோம்.

தோட்டா போடும் துப்பாக்கி எங்கள் சம்பளத்துக்கு எட்டாது. இன்சீன் ரயில்வே பட்டறையிலிருந்து ஓய்வு பெற்றுப் போன ஒரு ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரரிடம் நான் வாங்கியது ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கி. நிறுத்தினால் என் தோள்வரை வரும். அதற்கு லைசென்ஸ் எடுக்கப் போலீஸ் ஆபீசுக்கு ஏழு தடவை நடந்தேன். ஏழாம் தடவை அங்கிருந்த ரைட்டர், "கல்யாணத்துக்குப் பொண்ணு கேட்டாக்கூட இத்தனை நடை நடக்க மாட்டீங்க" என்றார். உண்மைதான். பெண்ணுக்கு மூன்று நடைதான் நடந்தேன், அது வேறு கதை.

அந்தத் துப்பாக்கியால் வந்த தொல்லை கொஞ்சநஞ்சமல்ல. முதலில் மருந்தை அளந்து குழலின் வாயில் கொட்ட வேண்டும். மேலே தேங்காய் நாரைத் திணித்துக் கம்பியால் இடிக்க வேண்டும். அப்புறம் ஈய ரவை, மறுபடி நார், மறுபடி இடி. கடைசியில் வெடிக்கும் செப்புத் தொப்பி ஒன்றைத் துப்பாக்கியின் மூக்கில் மாட்டிக் குதிரையை இழுக்க வேண்டும். இதற்குள் ஒரு வெற்றிலையைப் போட்டு மென்று துப்பிவிடலாம். உள்ளான் ஒரு குடும்பமே நடத்திவிடும். சுட்டால் எதிரே வெள்ளைப் புகை மொத்தமாக எழுந்து நிற்கும். பறவை விழுந்ததா என்று நமக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்பவனைக் கேட்க வேண்டும்.

"விழுந்துச்சா?"

"எந்திரிச்சுப் போயிருச்சு."

எனக்கும் கோ டின் மவுங்குக்கும் வழக்கமாக நடக்கும் சம்பாஷணை இது. ரங்கூன் மழைக்கும் ஈரத்துக்கும் மருந்து நமத்துப்போகும். சுட்ட அன்றே கழுவாவிட்டால் மறுநாள் குழலுக்குள் துரு பூத்துவிடும். ஆகவே சனிக்கிழமை சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பி வந்து, வெந்நீர் போட்டு, கூமுட்டை நாற்றத்தில் உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருப்பேன். அறையில் கூடத் தங்கியிருந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு அறை பார்த்துப் போனார்கள்.

ஆனாலும் அந்தச் சத்தம் இருக்கிறதே. தோட்டாத் துப்பாக்கி பட்டென்று வெடித்து ஓய்ந்துவிடும். இது 'தும்'மென்று அடிவயிற்றிலிருந்து பேசும். தோள் ஒரு தள்ளு தள்ளி வாங்கும். ஒவ்வொரு வெடியும் நம் கையால் அளந்து, நாமே இடித்துச் செய்தது என்ற கர்வம் வேறு. அதற்காகவே மறு சனிக்கிழமை கிளம்பிவிடுவேன்.

எங்கள் கிடங்கை ஒட்டி ஒரு அரிசி மில். அங்கே உமி அள்ளும் பெண்களுக்கு மேஸ்திரி அஞ்சலை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள்; நாற்பது வயதிருக்கும். அவளும் அவளுடைய பெண்கள் பதினொரு பேரும் அக்கரையில் குடியிருந்தார்கள். தினமும் விடிந்ததும் சம்பான் படகில் ஆற்றைக் கடந்து எங்கள் துறையில்தான் இறங்குவார்கள். துணியில் சுற்றிய துப்பாக்கியோடு என்னைப் பார்த்தால் போதும், அவளுக்கு வாய் சும்மா இருக்காது. "கிளார்க்கு சாமி, உங்களப் பாத்தாத்தான் குருவியெல்லாம் பயப்படாம மேயுதாமே" என்பாள். பதினொரு பேரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன், வேறென்ன செய்ய.

அது டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமை. மத்தியானம் வேட்டைக்குப் போவதற்காகத் துப்பாக்கியையும் புதிதாக வாங்கிய ஒரு டப்பா மருந்தையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே வேலைக்கு வந்துவிட்டேன். ஆற்றின் மேல் அப்படி ஒரு மூடுபனி. துறைப்பலகையின் இந்த முனையில் நின்றால் அந்த முனை தெரியவில்லை. ஒரு சம்பான் மட்டும் தடவித் தடவி வந்து சேர்ந்தது. அதிலிருந்த சிட்டகாங்குப் படகோட்டி, அஞ்சலையின் சம்பான் தனக்குப் பின்னால்தான் வந்தது என்றும், நடு ஆற்றில் கூப்பிட்டுப் பார்த்தபோது குரல் கேட்கவில்லை என்றும் சொன்னான். கடல் நீர் இறங்கும் வற்றம் தொடங்கி ஆறு கீழ்நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. கீழே வரிசையாகக் கப்பல்கள் நங்கூரம் போட்டிருந்தன. வற்றத்தில் போகிற சம்பான் கப்பலின் நங்கூரச் சங்கிலியில் குறுக்கே விழுந்தால் அடுத்த கணம் கவிழ்ந்துவிடும். அந்த வருஷத்திலேயே இரண்டு முறை அப்படி நடந்திருந்தது.

கரையில் எல்லோரும் கத்தினோம். பனி எங்கள் குரலை விழுங்கிவிட்டது. மில்காரர்கள் சங்கை ஊதினார்கள். ஆனால் இரண்டு கரையிலும் இருந்த மில்கள் எல்லாம் அந்த நேரத்தில் ஊதிக்கொண்டிருந்தன, கப்பல்களும் ஊதின. எது எந்தப் பக்கம் என்று எங்களுக்கே புரியவில்லை.

கோ டின் மவுங் என் துணி மூட்டையைப் பார்த்தான். "உன்னோட 'தும்'மை எடு" என்றான்.

எங்கள் கிடங்கில் சுருட்டுப் பற்றவைத்தாலே சீட்டுக் கிழிந்துவிடும். எங்கும் மரம், மரத்தூள். அங்கே வெடிமருந்தைத் திறப்பதா என்று ஒரு நொடி யோசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் துறைப்பலகையின் கடைசிக்கு ஓடினேன். ரவை போடவில்லை. மருந்து, நார், இடி. ஆற்றைப் பார்த்து வானத்துக்குத் தூக்கி முதல் வெடியைப் போட்டேன்.

பதிலில்லை. இரண்டு, மூன்று, நான்கு. ஒவ்வொரு வெடிக்கும் பிறகு ஈரத்துணியைக் கம்பியில் சுற்றிக் குழலைத் துடைக்க வேண்டும். உள்ளே கங்கு மிச்சமிருந்தால் கொட்டுகிற மருந்து கையிலேயே பிடித்துக்கொள்ளும். துணி தீர்ந்தபோது கோ டின் மவுங் இடுப்பில் கட்டியிருந்த லொஞ்சியின் ஓரத்தைக் கிழித்து ஆற்றில் நனைத்துக் கொடுத்தான். நார் தீர்ந்தபோது கிடங்குக் கயிற்றைப் பிரித்துக் கொடுத்தான். பத்தாவது வெடிக்கு மேல் குழலுக்குள் கரி அடைத்துக் கம்பி இறங்க மறுத்தது. பதினேழாவதில் எனக்குப் பொறுமை போய், துடைக்காமலே மருந்தைக் கொட்டினேன். புஸ்ஸென்று தீ எழுந்து என் வலது புருவத்தைக் கொண்டுபோயிற்று. அளவுக்குப்பியிலிருந்து கொட்டியதால் புருவத்தோடு போயிற்று. டப்பாவிலிருந்து கொட்டியிருந்தால் உங்களோடு பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

"முதல்ல ஈரத்துணி" என்றான் கோ டின் மவுங், கோபமே இல்லாமல். "உன் கை போச்சுன்னா அவங்களுக்கு யாரு சுடுவா?"

அப்போதுதான் கிடங்கின் மேலதிகாரியான எங்கள் வெள்ளைக்காரத் துரை பனிக்குள்ளிருந்து ஓடிவந்தார். முகம் சிவந்திருந்தது. யார் சுட்டது, எதற்குச் சுட்டது என்று கத்தினார். நான் இடிப்பதை நிறுத்தவில்லை. படகு விஷயத்தைக் கோ டின் மவுங் இரண்டு வாக்கியத்தில் சொன்னான். நான் பத்தொன்பதாவது வெடியைப் போட்டேன். சத்தம் அடங்கியதும் மூன்று பேரும் காதைக் கொடுத்தோம். கீழ்ப்பக்கம், வெகு தூரத்தில், யாரோ தகரத்தைத் தட்டினார்கள்.

அஞ்சலையின் பெண்கள் தூக்குச்சட்டிகளைத் தட்டுகிறார்கள் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஒரு வெடி, பிறகு தகரச் சத்தம், மறுபடி வெடி. வற்றத்தை எதிர்த்துத் துடுப்புப் போட்டு வருகிறார்கள். சத்தம் அங்குலம் அங்குலமாக நெருங்கியது. டப்பாவின் அடி தெரிந்தபோது, நான்கைந்து வெடிக்குத்தான் மருந்து மிச்சம் இருந்தது. நிறுத்தி நிறுத்திச் சுடலாமா என்றேன். "வேணாம். இடைவெளி விட்டா திசை மாறிடுவாங்க" என்றான் அவன். சரியாகத்தான் சொன்னான். முப்பத்தொன்றாவது வெடிக்கு டப்பாவைக் கவிழ்த்துத் தட்டியதில் அரை அளவுதான் கிடைத்தது. அதையும் போட்டேன்.

பனிக்குள்ளிருந்து அஞ்சலையின் குரல் வந்தது. "சாமி, இன்னொன்னு போடுங்க."

மருந்து இல்லை. ஆனால் குரல் கேட்கும் தூரத்துக்கு வந்துவிட்டார்கள். நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோம். துரையும் கத்தினார், எங்களைவிடப் பலமாக. கடைசியில் சம்பானின் மூக்கு தெரிந்தது. கயிற்றை வீசி இழுத்தவரும் துரைதான்.

அஞ்சலை சேற்றில் இறங்கியதும் என்னைப் பார்க்கவில்லை. தன் பெண்களை ஒவ்வொருத்தியாகத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். பதினொன்று. கடைசியாக இறங்கியவள் செல்லம்மா, பதினாறு வயதுக்காரி; தூக்குச்சட்டியைத் தட்டித் தட்டி உருத் தெரியாமல் நசுக்கியிருந்தாள். அப்புறம்தான் அஞ்சலை என்னிடம் வந்தாள். கரி அப்பிய முகமும் ஒற்றைப் புருவமுமாக நின்ற என்னைப் பார்த்து அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

"சங்கு எல்லாப் பக்கமும் ஊதுச்சு சாமி. உங்க வெடி மட்டுந்தான் ஒரே பக்கமா வந்துச்சு" என்றாள். குழலைத் தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள். "எம்மாடி, கொதிக்குது."

திங்கட்கிழமை துரை எனக்கு ஒரு கடிதம் கொடுத்தார். கிடங்குக்குள் வெடிமருந்து கொண்டுவந்ததற்கு எச்சரிக்கை. இன்னொரு முறை நடந்தால் வேலை போகும். கொடுத்துவிட்டுக் கையை நீட்டி என் கையைக் குலுக்கினார். பட்டம் வாங்கியவர்கள் பட்டத்தை மாட்டுவார்கள்; நான் அந்த எச்சரிக்கையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினேன். வருகிறவர்கள் கேட்காவிட்டாலும் படித்துக்காட்டுவேன். அதற்குப் பிறகும் வேட்டைக்குப் போனோம். உள்ளான் ஒன்றுகூட விழவில்லை. எனக்கு அதில் வருத்தமே இருந்ததில்லை. ஆற்றங்கரை முழுக்க எனக்கு 'வெடிச்சாமி' என்று பெயர் வந்துவிட்டிருந்தது.

யுத்தம் வந்தது. துப்பாக்கியைப் போலீசில் ஒப்படைக்கச் சொன்னார்கள், ஒப்படைத்தேன், திரும்பவில்லை. வீடு குண்டில் எரிந்தபோது துரையின் கடிதமும் எரிந்தது. அஞ்சலையும் அவள் ஆட்களும் நடந்தே இந்தியாவுக்குப் புறப்பட்டதாகச் சொன்னார்கள். போய்ச் சேர்ந்தார்களா, தெரியாது. கோ டின் மவுங் யுத்தம் முடிந்த மறு வருஷம் காய்ச்சலில் போனான். மில் இருந்த இடத்தில் இப்போது சுவர். துறைப்பலகை இல்லை.

செல்லம்மா மட்டும் என்னைப்போல இங்கே ரங்கூனிலேயே தங்கிவிட்டாள். லான்மடாவ் சந்தையில் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். கூட்டத்துக்கு நடுவே, "வெடிச்சாமி, நல்ல கெளுத்தி இருக்கு" என்று அவள் கூப்பிடும்போது நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடப்பேன். போன வருஷம் அவள் இடத்தில் ஒரு பர்மாக்காரப் பெண் உட்கார்ந்திருந்தாள். செல்லம்மா மழைக்காலத்திலேயே இறந்துவிட்டாளாம். வெடிச்சாமி என்று கூப்பிட இனி யாருமில்லை.

"என்ன மீன் வேணும், தாத்தா?" என்று பர்மிய மொழியில் கேட்டாள். நான் கையால் காட்டினேன்.