வைவா ரிஃப்கா பொறுப்பு

பூதலூர் அப்சருக்கு மண்டையில் எல்லாம் நிற்கும், தேதி மட்டும் நிற்காது. தஞ்சாவூரில் பி.காம் படிக்கிறான். கலர் பேனாவால் டைம்டேபிள் போட்டுச் சுவரில் ஒட்டிப் பார்த்தான், ஒட்டியதையே மறந்துவிட்டான். கடைசியில் வீட்டிலுள்ளவர்களுக்கு ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தான். அசைன்மென்ட்டெல்லாம் அம்மா ஹமீதா பானு பொறுப்பு. பரீட்சை ஃபீஸ் ஷார்ஜாவில் இருக்கும் அத்தா பொறுப்பு. பாவம் மனுஷர், அங்கே வேலைக்கு நடுவில் போன் போட்டு, "ஃபீஸ் கட்டிட்டியாப்பா?" என்பார். இப்படியும் ஒரு பிள்ளை படிக்குமா என்று கேட்காதீர்கள். படித்தது, ஒரு அரியர் கூட இல்லை.

கடைசி செமஸ்டரில் புராஜெக்ட் வைவாவை அக்கா ரிஃப்காவிடம் ஒப்படைத்தான். அவளிடம் ஒரு தேதியைச் சொன்னால் சொன்னதுதான், தப்பாது. வைவா போனால் டிகிரி போச்சு. டிகிரி போனால் அத்தா முதலாளியிடம் பேசி வைத்திருக்கும் ஷார்ஜா வேலையும் போச்சு.

அந்த நேரம் பார்த்தா சண்டை வரவேண்டும்? புது சுடிதாரில் எடுத்த படத்தை ரிஃப்கா சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டாள். அப்சர் கீழே, "ஜன்னல் திரை அழகா இருக்கு" என்று எழுதிவிட்டான். மாமி முதல் மச்சான் வரை சிரித்துத் தொலைத்தார்கள்.

"நீயா வந்து மன்னிப்புக் கேக்காம உன்கூடப் பேசினா என் பேரு ரிஃப்கா இல்லடா!"

அவனும் கேட்கவில்லை, அவளும் பேசவில்லை. வைவா நாளும் வந்துவிட்டது.

அம்மா தன் தங்கச்சி பிரசவத்துக்குக் கும்பகோணம் போயிருந்தாள். ரிஃப்கா கூப்பிட்டதற்கு அம்மாவும் போனை எடுக்கவில்லை, அத்தாவும் எடுக்கவில்லை. அப்சர் கைலியோடு நாற்காலியில் சாய்ந்து மொபைலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ரிஃப்கா தன் மொபைலை எடுத்தாள், திரும்ப வைத்தாள். மெசேஜ் போட்டாலும் பேசினதாகத்தானே ஆகும்? வாசலில் கட்டியிருந்த ஆட்டிடம் போனாள்.

"ஏ ஆடே, சில பேருக்கு இன்னிக்குக் காலேஜ்ல முக்கியமான வேலை இருக்கு, தெரியுமா?"

"ஆட்டுக்கெல்லாம் காலேஜ்ல என்ன வேலையோ!" என்று அப்சர் சுவரைப் பார்த்துச் சொன்னான். எழுந்திருக்கவில்லை.

தஞ்சாவூர் ரயிலுக்கு ரயில்வே கேட் மணி அடித்தது. அதற்கு மேல் ரிஃப்காவால் முடியவில்லை.

"டேய் எருமை! இன்னிக்கு உனக்கு வைவாடா! எந்திரிடா!"

அப்சர் துள்ளி எழுந்து கைலியை உருவிப் போட்டான். உள்ளே தேய்த்த பேன்ட். நாற்காலிக்கு அடியில் பையும் பைண்டு பண்ணின புராஜெக்ட்டும்.

ரிஃப்கா வாயைப் பிளந்தாள். "உனக்கு ஞாபகம் இருந்துச்சா?"

"சொல்ல ஆளில்லையே. நானே மனசுல வச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

"அப்புறம் எதுக்குடா உக்காந்திருந்தே? ரயில் போயிருந்தா?"

"நீ பேசுறியான்னுதான் பார்த்தேன். பாஸானா நான் ஷார்ஜா போயிடுவேன்க்கா. இருக்கிற நாள்லயும் பேசாம இருந்தா எப்படி?"

அவளுக்கு அடிக்கவும் தோன்றியது, அழவும் தோன்றியது. "ஓடுடா நாயே!" என்று பையை அவன் தோளில் மாட்டித் தள்ளிவிட்டாள். எதிரே ஸ்டேஷனில் ரயில் நகர ஆரம்பித்திருந்தது. அப்சர் ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டான்.

ரிஃப்கா உள்ளே வந்து முக்காட்டைச் சரிசெய்து, துஆ கேட்க உட்கார்ந்தாள். தம்பி பாஸாகவேண்டும் என்றுதான் கேட்டாள். ஆனால் அதைக் கேட்க அவளுக்கு வெகுநேரம் வாய் வரவில்லை.