ஏழாவது தட்டில் திரும்பியவன்

பிள்ளைகளா, நாற்பத்தாறு வயதில் அப்பாவுக்கு எதற்குக் கும்மி என்று கேட்டீர்கள். "சும்மாதான்" என்றேன். சும்மா இல்லை.

நீங்கள் மோட்டார் மாமா என்று கூப்பிடுகிறவனும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. கிணற்று மோட்டார்களுக்குச் செப்புக் கம்பி சுற்றிக் கொடுப்பது அவன் தொழில். அவன் மனைவி, உங்கள் அத்தை, இறந்த பிறகு கடையின் ஷட்டரை இறக்கியவன், திரும்பத் தூக்கவில்லை. நான் போனால் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பான். டிவி ஓடாது. "சாப்டியா?" என்பேன். "ம்" என்பான். மூன்று மாதம் இப்படிப் போனது. இவன் இப்படியே முடிந்துபோவானோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

அப்போதுதான் நம் ஊர் கோயில் மைதானத்தில் வள்ளிக்கும்மி பழக்க ஓர் ஆசிரியர் வந்தார். சாயங்காலம் ஊரே வட்டம் கட்டி நிற்கும். அவர் மைக்கில் வள்ளி கதையைப் பாட, நாங்கள் கைதட்டி, குனிந்து, திரும்பி ஆட வேண்டும். அம்மாவும் நீங்களும் முதல் நாளே சேர்ந்துவிட்டீர்கள். நான் நேரே அவன் வீட்டுக்குப் போனேன்.

"எங்கூட கும்மிக்கு வா."

"நா எங்கயும் வர்லடா."

"நீ ஒண்ணும் ஆட வேண்டாம். எனக்குத் தனியாப் போக வெக்கமா இருக்குது. சும்மா வண்டி மேல உக்காந்துக்க."

வந்தான். மைதான ஓரத்தில் நிறுத்திய என் வண்டிமேல் ஏறி உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எட்டுத் தட்டுத் தட்டி வலப்பக்கம் திரும்ப வேண்டும். நான் ஏழிலேயே திரும்பி, பால் சொசைட்டி அக்காமேல் மோதினேன். "ஏனுங்க தம்பி, எம்மேல அப்படி என்ன கோவமுங்க?" என்றார் அவர். "அப்பா ஆடறது கொசு அடிக்கறாப்பல இருக்குது" என்று பெரியவள் சொன்னாள். மறுநாளும் மோதினேன். வேண்டுமென்றே தப்பாக ஆடினீர்களா என்று பின்னால் அம்மா கேட்டாள். இல்லை, எனக்கு நிஜமாகவே வரவில்லை.

ஐந்தாம் நாள் ஓரத்திலிருந்து ஒரு கத்தல்.

"எட்டுடா! எட்டுத் தட்டுனப்பொறவு திரும்போணும்! ஏழுலயே ஏண்டா திரும்பித் தொலைக்கற?"

பாட்டு நின்றுவிட்டது. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். ஒரு சுற்றுக் குறைந்தாலும் மோட்டார் புகைந்துவிடும் என்று காலமெல்லாம் எண்ணி எண்ணிக் கம்பி சுற்றியவன். என் கணக்கை அவனால் பொறுக்க முடியவில்லை.

ஆசிரியர் மைக்கிலேயே சொன்னார்: "அங்கிருந்து சொன்னாப் பத்தாதுங்க. எறங்கி வந்து பக்கத்துல நின்னு எண்ணுங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். என் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினான். அடுத்த வாரம் அவனும் ஆடினான். என்னைவிட நன்றாக ஆடினான்.

ஒரு நாள் வண்டியில் திரும்பும்போது பின்னாலிருந்து, "அவ இருந்தா மொத ஆளாச் சேந்திருப்பாடா" என்றான். அப்புறம் என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். நான் வண்டியை மெதுவாக ஓட்டினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அரங்கேற்றத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, நான் வேலை பார்க்கும் சேகோ ஆலையில், ஜவ்வரிசிக்கு உரித்துப் போட்ட மரவள்ளித் தோலில் வழுக்கி என் கால் பிசகிக்கொண்டது. பார்க்க வந்தவன் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீயில்லாட்டி நானும் போகல" என்று எழுந்து போய்விட்டான். அப்புறம் பழக்கத்துக்கும் போகவில்லை, என் போனையும் எடுக்கவில்லை. மறுபடி அந்த டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டான் என்று நினைத்தேன். இந்தக் காலை வைத்துக்கொண்டு அவனை எப்படி எழுப்புவது?

அரங்கேற்றத்தன்று அம்மா என்னை மைதானத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். ஆட நின்றவர்களின் மஞ்சள் சட்டைகளுக்கு நடுவே அவன் இடம் காலியாக இருந்தது. ஆசிரியர் மைக்கைத் தட்டிப் பார்க்கும்போது, வேட்டியை இறுக்கிக்கொண்டே ஓடி வந்தான். என் நாற்காலிப் பக்கம் ஒரு நிமிஷம் நின்றான்.

"உனக்காக வர்லடா" என்றான். "சொசைட்டி அக்கா ஊட்டுக்கே வந்துட்டாங்க. நீங்க எண்ணாட்டி எங்க வரிசையே கவுந்துருமுங்கன்னு ஒரே பேச்சு."

"அப்பப் போடா, சீக்கிரம்!" என்றேன்.

ஒன்றரை மணி நேரம் ஆடினார்கள். இந்தப் பக்கம் பார்ப்பான் என்று இரண்டு தடவை கையை ஆட்டினேன். அவன் பார்க்கவில்லை. நெற்றியில் வேர்வை வழிய, பக்கத்தில் அக்கா எதையோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே அடுத்த அடிக்குக் குனிந்தான். அந்த நேரத்தில் அவனுக்கு என் நினைப்பே இல்லை, பிள்ளைகளா. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கால் வலி தெரியவில்லை.