லட்சுமி படத்துக்குக் கீழே நீதிமொழி

தினசரி காலண்டரின் தாள் கட்டை அட்டையில் வைத்துப் பின் அடிக்கும்போது அத்தையின் வளையல்கள் ஒரே சீராகக் குலுங்கும். இப்போதும் சிவகாசியில் எந்த அச்சகத்துக்குள் நுழைந்தாலும் என் காது முதலில் அந்தச் சத்தத்தைத்தான் தேடுகிறது. அத்தை என் அப்பாவின் அக்கா. அச்சகத்தில் காலண்டர் கட்டும் மேசை அவர் பொறுப்பில் இருந்தது. நான் அங்கேயே கணினிப் பிரிவில் இருந்தேன். பட்டாசு வேலைக்கும் தீப்பெட்டி வேலைக்கும் வேனேறிப் போன குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள், முதலில் பட்டம் வாங்கியவள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது; அத்தைக்கோ அறவே கிடையாது. புதிதாக யார் வந்தாலும், "அங்கன கண்ணாடி ரூமுக்குள்ள இருக்காள்ல, என் தம்பி மக. காலண்டர்ல இருக்கிற அம்புட்டு எழுத்தும் அவ போட்டதுதான்" என்பார்.

அந்த ஆண்டு ஒரு ஜெபக்கூடத்திலிருந்து ஆர்டர் வந்தது. ஒவ்வொரு நாள் தாளிலும் ஒரு நீதிமொழி இருக்க வேண்டும். எல்லாம் பழைய எபிரேய ஞானிகள் சொல்லிவைத்தவை. பெரும்பாலும் ஒரு ராசாவின் பெயரில் வழங்குபவை. எங்கள் வீட்டில் மாரியம்மன்தான். அந்த வாக்குகளை அதுவரை நான் படித்ததில்லை. தட்டச்சு செய்யச் செய்ய ஆச்சரியமாக இருந்தது. கடவுளுக்குப் பயந்து நடப்பதில்தான் அறிவு தொடங்குகிறது என்று ஆரம்பித்தவர்கள், அடுத்த பேச்சிலேயே தராசுக்கும் நாக்குக்கும் பக்கத்து வீட்டுக்கும் வந்துவிடுகிறார்கள். பகையோடு உண்ணும் விருந்தைவிட அன்போடு உண்ணும் கீரை மேல் என்கிறார்கள். பக்தி என்றால் கண்ணை மூடிக்கொள்வது என்று நினைத்திருந்த எனக்கு, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு செய்ய வேண்டியதே அதில் அதிகம் என்று அப்போதுதான் தோன்றியது.

தாள்கள் அச்சாகி மேசைக்கு வந்ததும், தேநீர் நேரத்தில் ஒரு கட்டை எடுத்து வைத்துக்கொண்டு வாசிப்பேன். அத்தை ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். அன்றைய வாக்கு மேசையில் ஒருத்திக்குச் சொந்தம். சாயங்காலம் வேன் வரும்வரை அவள் அதன்படி நடக்க வேண்டும். யாருக்கு என்பது அத்தையின் தீர்ப்பு. எறும்பைப் பார்த்துச் சோம்பேறி புத்தி கற்கட்டும் என்றது பிந்தி வந்தவளுக்குப் போனது. சாந்தமாகப் பதில் சொன்னால் கோபம் தணியும் என்றது மேசையிலேயே பெரிய சண்டைக்காரிக்கு. அன்று முழுக்க அந்த அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு "சரிங்க தாயி, ஆகட்டும் தாயி" என்று பேசியதில் வேலையே ஓடவில்லை. தப்பை மூடி மறைக்கிறவன் உருப்பட மாட்டான், ஒத்துக்கொள்கிறவனுக்கு இரக்கம் கிடைக்கும் என்ற வாக்கை, மேசைக்கடியில் செல்போனை ஒளித்துப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துத் தெரு மதினிக்கு அத்தை கொடுத்தார்.

ஒருநாள், சண்டைக்காரப் பெண்டாட்டி அடைமழையில் ஒழுகும் கூரை மாதிரி என்ற வாக்கை வாசித்தேன்.

"எழுதுனது ஆம்பளதான?" என்றார் அத்தை.

"ராசாவாம் அத்தை."

"ராசாவுக்கு எத்தன பொண்டாட்டி?"

"நெறைய இருந்தாங்களாம்."

"அப்பக் கூரை ஒழுகத்தான செய்யும்! இத நான் இங்கன யாருக்கும் குடுக்க மாட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோயி அவளுக அவளுக புருசனுக்குக் குடுங்க."

மேசையே அதிர்ந்தது. சிரிப்பு அடங்காமலே எல்லாரும் வேலையைத் தொடர்ந்தார்கள். அன்று மேசையில் இன்னோர் ஆர்டரும் இருந்தது: விருதுநகர் மிளகாய் மண்டி ஒன்றுக்கு, லட்சுமி படம் போட்ட அட்டை, ராகுகாலம் போட்ட தாள். ஜெபக்கூடத்து ஆர்டர் போலவே இதுவும் சிறியது, பொழுது சாயும் முன்பே அடித்து முடித்துக் காகிதம் சுற்றிவிட்டார்கள். இரண்டு ஆர்டரின் தாள் கட்டுக்கும் மேல்தாளில் ஒரே முதல் தேதிதான். அத்தைக்கு எழுத்து தெரியாது. தெரிந்தவர்களுக்கோ கண்ணில் சிரிப்பு நீர்.

மறுநாள் ஜெபக்கூடத்துக்கான ஆட்டுக்குட்டி படம் போட்ட அட்டையை எடுத்தபோது, அதற்கு மிஞ்சிக் கிடந்தது ராகுகாலமும் சந்திராஷ்டமமும். நீதிமொழிகள் லட்சுமி படத்தோடு விருதுநகருக்கு லோடாகிப் போயிருந்தன. முதலாளி குரலை உயர்த்தவில்லை. ஜெபக்கூடத்துத் தாளை மறுபடி அடித்துக்கொள்ளலாம், மண்டிக்காரர் கைவிட்டுப் போனால் மட்டும் மேசைக்கு வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். அத்தை இளமையெல்லாம் பட்டாசு ஆலையில் கழித்துவிட்டு, வெடிமருந்து நெடியிலிருந்து தப்பி வந்து உட்கார்ந்த மேசை அது. அது போனால் மறுபடி மருந்து அறைதான்.

பக்கத்துத் தெரு மதினிதான் மெல்ல வாயைத் திறந்தாள். "அத்தே, அன்னிக்கு செல்போன ஒளிச்சதுக்கு எனக்குக் குடுத்த வாக்க உங்களுக்கே திருப்பித் தந்துரட்டா?"

அத்தை அவளை முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "குடுடி" என்று கையை நீட்டினார். என்னைப் பார்த்து, "வா புள்ள, பஸ்ஸப் பிடிப்போம்" என்றார்.

மண்டிக்குள் நுழைந்ததுமே இரண்டு பேருக்கும் மிளகாய் நெடியில் தும்மல். மண்டிக்கார அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் காலண்டரைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தார். "ராகுகாலம் எங்கம்மா? எமகண்டம் எங்க? என் கடைக்கு வாறவன் நேரம் பாக்காம மூட்டையக்கூட அவுக்க மாட்டான்!"

"தப்பு என்னுதுதான் அண்ணாச்சி. வேற யார் மேலயும் இல்ல. சிரிச்சுக்கிட்டே அடிச்சதுல கட்டு மாறிப்போச்சு."

"சிரிச்சுக்கிட்டேவா? அப்படி என்ன சிரிப்பு?"

அத்தை ஒழுகும் கூரையைச் சொன்னார். கணக்குப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணாச்சி அசையவில்லை. அந்த நேரத்தில், தன் காட்டில் விளைந்த உளுந்து மூட்டையோடு வந்திருந்த ஒரு சம்சாரி, கடையில் கொடுத்த புதுக் காலண்டரைப் புரட்டிக்கொண்டே எழுந்து வந்தார்.

"அண்ணாச்சி, கள்ளத் தராசு சாமிக்கே பிடிக்காதுன்னு போட்டிருக்கீகளே! அதுவும் லட்சுமிக்குக் கீழேயே! அப்ப என் மூட்டைய இன்னொரு தடவ நிறுத்துப் பாத்துருவமா?"

அத்தை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். அண்ணாச்சி எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வேலையாட்களை விலக்கிவிட்டுத் தானே மூட்டையைத் தராசில் ஏற்றினார். முதலில் காட்டிய அதே எடைதான்.

"பாத்தியாலே? நல்லாப் பாத்துக்க!" என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். காத்திருந்தவர்கள் சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு காலண்டர் கேட்டார்கள். கேட்கக் கேட்க அண்ணாச்சியின் முகம் மலர்ந்துகொண்டே போனது. கடைசியில் அத்தையிடம் திரும்பி, "சரி, ராகுகாலத்துக்கு என்ன வழி?" என்றார்.

"அது கெழமைக்கு ஒண்ணுதான அண்ணாச்சி? ஒரு சீட்டா அடிச்சு அட்டைக்குப் பின்னால ஒட்டித் தந்துருதோம்."

அண்ணாச்சி எங்கள் முன்னாலேயே முதலாளிக்குப் போன் போட்டார். "அந்த அம்மாவ ஒண்ணும் சொல்லிராதீக. அடுத்த வருசமும் இதே வாக்கு வேணும். ராகுகாலத்தோட."

இன்று வேறொரு அச்சகத்தில் வடிவமைப்புப் பிரிவு முழுவதும் என் பொறுப்பு. மேலே நீதிமொழி, கீழே நல்ல நேரம் என்று தாள் கேட்கிறவர்கள் இப்போது பலர். இரண்டும் ஒரே தாளில் எப்படி என்று யாராவது கேட்டால் நான் வாதாடுவதில்லை. நேரம் பார்த்து மூட்டையை அவிழ்ப்பவரும் நேர்மையாக நிறுக்க வேண்டியவர்தானே என்று மட்டும் சொல்வேன்.

அன்று திரும்பும் பஸ்ஸில் அத்தைக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. வெகுநேரம் தும்மினார், சிரித்தார், மறுபடி தும்மினார். "நாளைக்கு என்ன வாக்கு புள்ள?" என்று கேட்டார். நான் பையைத் திறந்து தாள் கட்டை எடுத்தேன். சட்டென்று என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வேண்டாம், இப்ப வாசிக்காத. நாளைக்கு மேசைக்கு வந்து வாசி. அவளுக எல்லாரும் இருக்கட்டும்."