ஹேடிஸ் வாசித்த பெயர்கள்

அர்கிரோ டீச்சருக்கு ஒப்பிக்கிற பிள்ளைகளைக் கண்டாலே ஆகாது. "கிளிகூடத்தான் ஒப்பிக்கும், அதுக்கு நான் எதுக்கு?" என்பாள். கியோஸ் தீவின் வடகரையில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பதினோரு வருஷமாக அவள் ஒருத்திதான் டீச்சர்; ஆறு வகுப்புக்கும் ஒரே அறை, ஒரே கணப்பு. பாடத்தில் பழைய தேவர்களின் கதை வந்தால் போதும், புத்தகத்தை மூடச் சொல்லிவிடுவாள். ஆளுக்கொரு வேஷம். வசனம் அவரவர் வாயில் வருவதுதான். நடுவில் டீச்சர் உள்ளே புகக் கூடாது, அது அவளே போட்ட சட்டம். ஆடி முடித்ததும் ஒரே கேள்வி கேட்பாள்: "இந்தக் கதையை நம்ம ஆளுங்க எதுக்குச் சொல்லி வச்சாங்க?"

மெழுகுச் சிறகோடு பறந்து கடலில் விழுந்த இகாரஸ் கதையை ஆடியபோது, "அப்பா பேச்சைக் கேக்கணும்னு, டீச்சர்" என்றது ஒரு நல்ல பிள்ளை. "இல்ல டீச்சர், மெழுகை நம்பக் கூடாதுன்னு" என்றான் பாதிரியார் மகன் நிகிஃபோரோஸ். அறையே சிரித்தது. டீச்சர் அவனுக்குத்தான் முழு மதிப்பெண் போட்டாள்.

ஊரையே கேள்வி கேட்கிற இந்த மகராசியிடம் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்க முடியாது. உன் புருஷன் எங்கே? இசிடோரோஸ் சரக்குக் கப்பலில் என்ஜின் பார்த்தவன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஜனவரியில் அட்லாண்டிக் புயலில் கப்பல் ஆட்களோடு காணாமல் போயிற்று. தந்தி வந்தது. அந்தக் கப்பலில் போன மற்றவர்களின் பெண்டாட்டிகள் துக்கத்துக்குக் கறுப்பு உடுத்தினார்கள். இவள் நீலச் சட்டையோடு மறுநாள் பள்ளிக்கூடம் திறந்தாள். "உடம்பு வந்துச்சா? ஒரு பலகைத் துண்டாவது வந்துச்சா? அப்புறம் என்ன கறுப்பு?" மகள் மார்கெல்லாவிடம், அப்பா எங்கேயோ கரையேறியிருப்பார், வந்துவிடுவார் என்று சொல்லியே வைத்திருந்தாள். அந்த நம்பிக்கை உடைந்தால் பத்து வயசுப் பிள்ளையும் சேர்ந்து உடைந்துபோகும் என்று அவளுக்கு உயிர்ப் பயம்.

கோயிலுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பது எங்கள் வழக்கம். சீட்டின் ஒரு பக்கம் உயிரோடு இருப்பவர்கள், மறுபக்கம் செத்தவர்கள். ஞானஸ்நானப் பெயர் மட்டும். பாதிரியார் திரைக்குப் பின்னால், வெளியே யார் காதிலும் விழாமல், ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிப்பார். உயிரோடு இருப்பவனை மறுபக்கத்தில் எழுதிவிட்டால் அந்த எழுத்தே அவனைக் கொன்றுவிடும் என்று எங்களுக்கு நடுக்கம். பெண்டாட்டி எழுதாதவரை இசிடோரோஸின் பெயரைத் தொட அவன் தங்கை காலியோப்பிக்குக்கூடத் துணிச்சல் இல்லை. அர்கிரோவோ வாராவாரம் அவன் பெயரை உயிருள்ள பக்கத்தில்தான் எழுதி, மகள் கையில் கொடுத்து அனுப்புவாள்.

நோன்புக்கு முன்னால் ஆத்துமாக்களின் சனிக்கிழமை வந்தது. வீட்டுக்கு வீடு கோதுமை அவித்து, சர்க்கரையும் திராட்சையும் பாதாமும் கலந்து, செத்தவர்கள் பேரில் மந்திரித்துச் சாப்பிடுகிற நாள். முந்தின நாளே காலியோப்பி வந்து நின்றாள்.

"அண்ணி, இந்தத் தடவையாவது அண்ணன் பேரை அந்தப் பக்கம் எழுது. அவனுக்குன்னு ஒரு பிடி கோதுமை கிடையாதா?"

"உன் அண்ணனைக் கொல்ல உனக்கு என்னடி அவ்வளவு அவசரம்?"

"நானா கொல்றேன்? கடல் கொன்னுடுச்சு அண்ணி! அந்தக் குழந்தையையாவது பாரேன்."

"குழந்தை நம்பிக்கிட்டு இருக்கு. அதுகிட்ட போய் நீ வாயைத் திறந்தே, அப்புறம் நாத்தனார்னு பாக்க மாட்டேன்!"

அந்த வாரம் ஆட இருந்தது பெர்செஃபோனி கதை. பூமித்தாய் டிமீட்டரின் மகளைப் பாதாள ராஜா ஹேடிஸ் தூக்கிக்கொண்டு போகிறான். அவள் அங்கே மாதுளை முத்தைத் தின்றுவிடுகிறாள். கீழே ஒரு வாய் தின்றவள் முழுசாக மேலே திரும்ப முடியாது. ஹேடிஸ் வேஷக்காரன் நிகிஃபோரோஸுக்குக் காய்ச்சல் வந்து நாடகம் சனிக்கிழமைக்குத் தள்ளிப்போனது. அன்று காலை அர்கிரோ கோயில் பக்கம் போகவில்லை. வழக்கம்போலச் சீட்டு எழுதி மார்கெல்லாவை அனுப்பினாள். பூசை முடிந்து பிள்ளைகள் கோதுமைப் பொட்டலங்களோடு நேரே பள்ளிக்கூடம் வந்தார்கள்.

பெர்செஃபோனி மார்கெல்லாதான். எனக்குத்தான் வேணும் என்று அடம்பிடித்து வாங்கிய வேஷம். தூக்கிப் போனதெல்லாம் அமர்க்களமாக நடந்தது. பிறகு ஹேடிஸ் சட்டைப் பைக்குள் கைவிட்டான்.

"வீட்ல மாதுளை எல்லாம் காஞ்சு போச்சு. இதைத் தின்னு. எங்க நாட்ல இதான் சாப்பாடு." நீட்டியது செத்தவர்களின் கோதுமை.

அர்கிரோ நாற்காலியை விட்டு எழுந்தாள். அவள் மகள் அதை இதுவரை வாயில் வைத்ததில்லை, வைக்க அவள் விட்டதும் இல்லை. நிறுத்து என்று வாய் வரை வந்தது. சட்டம் போட்டவளே எப்படி மீறுவது? இருபத்திரண்டு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மார்கெல்லா பொட்டலத்தை வாங்கவில்லை. "முதல்ல உன் நாட்ல யார் யார் இருக்காங்கன்னு சொல்லு" என்றாள்.

"சொல்றேனே, எங்கிட்ட கணக்கா இருக்கு." நிகிஃபோரோஸ் இன்னொரு பையிலிருந்து கத்தையாகச் சீட்டுகளை எடுத்தான். அன்று காலை அவன் அப்பா வாசித்த அதே சீட்டுகள்! வாசித்ததும் தூபக்கால் தணலில் எரிப்பது அவன் வேலை. பள்ளிக்கூட மணி அடித்துவிட்டதென்று பையில் திணித்துக்கொண்டு ஓடிவந்திருக்கிறான், மடையன். பாதாளத்துக்கு இதைவிட நல்ல பேரேடு கிடைக்குமா என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது.

"ஆன்த்ரியானா. மிகாலிஸ். கார்கலி." ஒவ்வொரு பெயருக்கும் பிள்ளைகள் பழக்க தோஷத்தில், "கர்த்தர் மன்னிக்கட்டும்" என்று முணுமுணுத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. எல்லாம் அவரவர் வீட்டுப் பெயர்கள். அர்கிரோ சாக்குக் கட்டியை இறுக்கிப் பிடித்தபடி, தன் சீட்டு வரும், அதில் தன் அப்பா அம்மா பெயர் மட்டும்தான் வரும், அவ்வளவுதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

"யோர்கிஸ். லெமோனியா." அவள் அப்பா, அம்மா. மூச்சு விட்டாள்.

"இசிடோரோஸ்."

எங்கள் ஊரில் அந்தப் பெயருக்கு ஒரே ஆள். அவனுக்காக மன்னிப்புக் கேட்க ஒரு வாயும் திறக்கவில்லை. என்ன வாசித்தோம் என்று உறைத்ததும் நிகிஃபோரோஸ் அப்படியே வெளிறிப் போனான்.

அர்கிரோ பாய்ந்து சீட்டைப் பிடுங்கினாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவை நாடகத்துக்குள் புகுந்தாள். "யாரு எழுதினது, மார்கெல்லா? உன் அத்தையா? இன்னிக்கு அவளை என்ன பண்றேன் பாரு!"

"அத்தை இல்ல, டீச்சர்." வகுப்பில் அம்மா என்று கூப்பிடக் கூடாது என்பதும் ஒரு சட்டம். மார்கெல்லா தலை நிமிர்ந்துதான் நின்றாள். "நான்தான்."

அர்கிரோ சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். தான் எழுதிக் கொடுத்த சீட்டே இல்லை. அவளே மகளுக்குக் கைபிடித்துச் சொல்லிக் கொடுத்த குண்டுக் குண்டு எழுத்து. உயிருள்ள பக்கத்தில் இரண்டே பெயர்: அர்கிரோ, மார்கெல்லா.

"இன்னிக்கு மட்டுமா?"

"போன வருஷமும். எல்லா வாரமும். நீ தர்றதைக் கிழிச்சிட்டு வேற எழுதுவேன்." பிள்ளையின் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. "அப்பா அங்க தனியா இருப்பாருல்ல, யாராவது பேர் சொல்லணும்ல. உங்கிட்ட சொன்னா நீ தாங்க மாட்டே. அதான் அப்பா வருவாரா வருவாரான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்."

யார் யாரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்! அர்கிரோ ஒன்றாம் வகுப்புக் குட்டி பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். அந்தப் பிள்ளைக்கு முன்னால் தான்தான் குழந்தையாக இருந்திருக்கிறோம் என்று அவமானமாக இருந்தது, வலித்தது.

"டீச்சர், சத்தியமா தெரியாம வாசிச்சிட்டேன்" என்று நிகிஃபோரோஸ் அழ ஆரம்பித்தான். அவன் கையில் பொட்டலம் இன்னும் திறந்தே இருந்தது.

"சும்மா இருடா. நீ ஒழுங்காத்தான் வாசிச்சே. அதை இங்க கொடு."

ஒரு பிடி எடுத்து வாயில் போட்டாள். விழுங்க முடியவில்லை, மென்றுகொண்டே இருந்தாள். கடைசியில், வகுப்பில் பெயர் கூப்பிடுகிற அதே குரலில் சொன்னாள்:

"இசிடோரோஸ். கர்த்தர் மன்னிக்கட்டும்."

பிள்ளைகள் எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள். மார்கெல்லா மட்டும் சொல்லவில்லை. இரண்டு வருஷமாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பிள்ளை, "அம்மா" என்று கத்திக்கொண்டு வந்து அவள் மடியில் விழுந்து அழ ஆரம்பித்தது.